பத்து நாளாக நாளை

யார்க்
3 அக்டோபர் 1887

அன்புள்ள கெசையா அக்காவுக்கு,

நீ பின்னி அனுப்பிய காலுறைகள் வந்து சேர்ந்தன. இங்கே அலுவலகத்தில் குளிர் இப்போதே எலும்பைப் பிடிக்கிறது. டாக்டர் ப்ரிங்கிள் நவம்பர் பிறக்காமல் அடுப்பில் கரி போட விடமாட்டார். அகராதி ஆசிரியருக்குக் குளிராதாம். எங்களுக்குக் குளிர்கிறது.

இந்தப் பருவத்தில் எனக்கு ஒதுக்கப்பட்ட சொல் என்ன தெரியுமா? டுமாரோ. நாளை. சிரிக்காதே. எல்லாருக்கும் தெரிந்த சொல்லுக்குத்தான் பொருள் எழுத முடியாமல் முழி பிதுங்குகிறது. பக்கத்து மேஜைக்காரருக்கு ஏதோ ஒரு கடற்பாசியின் பெயர் வந்தது. இரண்டே வரியில் முடித்துவிட்டு விசில் அடிக்கிறார். எனக்கு மேற்கோள் எழுதிய எண்ணூறு சீட்டுகள் மேஜையில் குவிந்து கிடக்கின்றன.

பழைய புத்தகங்களில் 'மாரோ' என்றால் காலைப்பொழுது. பிறகு மறுநாள் காலை. பிறகு மறுநாள் முழுவதும். பிறகு இனி வரப்போகும் காலம் எல்லாம். எழுதும் விதத்திலும் தகராறு. 'டு' தனியாக, 'மாரோ' தனியாக, நடுவே ஒரு சிறுகோடு என்பது டாக்டரின் கட்சி. சேர்த்தே எழுதலாம் என்று இரண்டு பேர். ஊரில் ஜனங்களோ ஒரு எம் போடவேண்டிய இடத்தில் இரண்டு போட்டு, இரண்டு ஆர் போடவேண்டிய இடத்தில் ஒன்றோடு நிறுத்திவிடுகிறார்கள். இந்தப் பிழைகளும் அகராதியில் ஏறவேண்டும். ஆனால் அச்சான எந்தத் தாளிலும் அவை கிடைப்பதில்லை, அச்சகத்துக்காரன் திருத்திவிடுகிறான்.

அதனால்தான் கேட்கிறேன். ஜேபஸ் உனக்கு எழுதும் கடிதங்களைக் கொஞ்ச நாள் அனுப்பிவைப்பாயா? சுரங்கத்தில் வேலை செய்கிற இளைஞன் தன் தாய்க்கு மனம்விட்டு எழுதுவது எங்களுக்குக் கிடைக்கவே கிடைக்காத சரக்கு. பத்திரமாகத் திருப்பித் தருவேன்.

உன் தம்பி,
சைலஸ்


ஹேவர்லா
8 அக்டோபர் 1887

தம்பி சைலஸ்,

உன் கடிதத்தைப் பக்கத்து வீட்டு டோர்கஸுக்குப் படித்துக் காட்டினேன். இருவரும் கிழிசல் துணியில் பாய் பின்னிக்கொண்டிருந்தோம். பாய் கட்டியிருந்த மரச்சட்டத்தின் மேலேயே தலையைச் சாய்த்துச் சிரித்தாள். "ஏன்டி கெசையா, நாளைக்குன்னா என்னன்னு கண்டுபுடிக்கவா உன் தம்பிக்கு அங்க நாற்காலி போட்டு உக்கார வெச்சிருக்காங்க? இங்க வந்து கேட்டா நான் சும்மாவே சொல்லியிருப்பேனே. என் வீட்டுக்காரரு கோழிக்கூண்டு சரிபண்றேன்னு சொல்ற நாளு அது!" என்றாள். இதையும் உன் சீட்டில் எழுதிக்கொள்.

ஜேபஸ் எழுதிய ஆறு கடிதங்களையும் இத்துடன் கட்டி அனுப்புகிறேன். கடைசிக் கடிதம் நேற்றுதான் வந்தது. கல்லர்நெஸ் சுரங்கத்துக்கு அவன் போய் நாலு மாதம் ஆகிறது. நம் தெருவிலிருந்து டோர்கஸின் புருஷனையும் சேர்த்து ஆறு பேர் அங்கே அவனோடு இருக்கிறார்கள். இவன் வயசில் சின்னவன், ஆனால் ஆட்களைச் சுரங்கத்துக்குள் இறக்கும் கூண்டின் இரும்புக் கயிற்றைத் தினமும் பார்த்துக் கையெழுத்துப் போடுகிற வேலை இவனுடையது. கயிறு சரியில்லை, மேஸ்திரி சரியில்லை என்று என்னென்னவோ எழுதியிருக்கிறான். புது வேலை, புது மனிதர்கள். எதிலும் குறை கண்டுபிடிக்கத்தான் தோன்றும்.

அவன் எழுத்தில் பிழை இருந்தால் உன் அலுவலகத்தில் சிரிக்கவேண்டாம். அந்தச் சொல்லை இரண்டு எம் போட்டு எழுத அவனுக்குச் சொல்லிக்கொடுத்தவள் நான். அப்பா செத்தபோது எனக்கு ஒன்பது வயது. நான் டர்னிப் வயலுக்குக் களை பறிக்கப் போனேன், நீ பள்ளிக்கூடத்துக்குப் போனாய். என்னிடம் இருந்ததைத்தான் அவனுக்குக் கொடுக்க முடிந்தது. குத்திக்காட்டுகிறேன் என்று நினைக்காதே. கொஞ்சம் குத்தித்தான் காட்டுகிறேன்.

கடிதங்கள் கசங்காமல் வரவேண்டும். ஞாயிற்றுக்கிழமை ஆராதனை முடிந்து வந்தால் எனக்கு வேறு பொழுதுபோக்கு கிடையாது.

கெசையா


யார்க்
17 அக்டோபர் 1887

அன்புள்ள அக்கா,

நீ அனுப்பியது பொக்கிஷம்! ஆறு கடிதங்களில் பதினோரு இடத்தில் என் சொல் வருகிறது. பதினொன்றிலும் இரண்டு எம். டோர்கஸ் சொன்னதையும் டாக்டரிடம் சொன்னேன். அவர் சிரித்ததை நான் பார்த்தது இதுதான் இரண்டாவது தடவை.

ஒரு அதிசயம் சொல்கிறேன், கேள். உன் மகன் நிஜமான மறுநாளைச் சொல்லும்போது உங்கள் பக்கத்துப் பேச்சில் 'த மார்ன்' என்றுதான் எழுதுகிறான். 'த மார்ன் சம்பள நாள்', 'த மார்ன் எனக்கு லீவு' என்று. ஆனால் மேஸ்திரி கொடுக்கும் வாய்தாவைச் சொல்லும்போது மட்டும் புத்தக வார்த்தைக்குப் போய்விடுகிறான். கடைசிக் கடிதத்தில் இருக்கும் வாக்கியத்தைப் பார்: 'புதுக் கயிறு நாளைக்கு வரும், இன்றைக்குக் கையெழுத்துப் போடு என்கிறார், பத்து நாளாக நாளை நடக்கிறது, கயிற்றில் இழை இழையாக விட்டுக்கொண்டிருக்கிறது.'

பத்து நாளாக நாளை நடக்கிறது! எத்தனை புத்தகங்களைப் புரட்டினோம், இந்தப் பொருளை இப்படித் தோலுரித்துக் காட்டிய ஒரு வாக்கியம் கிடைக்கவில்லை. அடுத்த நாள் என்பது முதல் பொருள், வருங்காலம் என்பது இரண்டாவது, ஒருபோதும் வராத நாள் என்பது மூன்றாவது. மூன்றாவது பொருளுக்கு மேற்கோளே இல்லாமல் தவித்தேன். டாக்டர் அந்தச் சீட்டைக் கையில் எடுத்து வெளிச்சத்தில் பிடித்துப் பார்த்தார். "இந்தப் பையன் யாருய்யா?" என்று கேட்டார். என் அக்கா மகன் என்றேன். எனக்கு நெஞ்சு நிமிர்ந்துவிட்டது.

ஜேபஸுக்கு எழுதும்போது இதைச் சொல். வேலை முடிந்ததும் எல்லாம் உன்னிடம் வந்துசேரும்.

சைலஸ்


ஹேவர்லா
9 நவம்பர் 1887

சைலஸ்,

உன் தந்தி வந்தது. லண்டன் நூலகத்தில் இருந்ததாகவும் செய்தி பிந்திக் கிடைத்ததாகவும் சொல்லியிருந்தாய். சரி.

ஏழு பேரையும் ஒரே நாளில் புதைத்தோம். அக்டோபர் முப்பத்தொன்று, திங்கட்கிழமை காலை முதல் இறக்கத்திலேயே கயிறு அறுந்துவிட்டது. ஜேபஸும் அதே கூண்டில்தான் இருந்தான். கீழே தண்டவாளத்தைப் பார்க்க இறங்கினானாம். முகத்தை எனக்குக் காட்டவில்லை. பூட்ஸைக் காட்டினார்கள். நான் தைத்துப் போட்ட ஒட்டு அதில் இருந்தது.

மற்ற ஆறு சவப்பெட்டிகள் போனபோது தெரு முழுக்க மரியாதைக்காக ஜன்னல் திரைகள் இறங்கியிருந்தன. ஏழாவது பெட்டி போனபோது ஒவ்வொரு வீடாகத் திரையை ஏற்றிவிட்டார்கள். நான் எண்ணிக்கொண்டே நடந்தேன். அவன் பெட்டியைத் தூக்க நம் தெருவில் ஆள் இல்லை. ஜெபக்கூடத்துப் போதகரும் கல்லர்நெஸிலிருந்து வந்த மூன்று அந்நியர்களும் தூக்கினார்கள்.

என்ன காரணம் என்றால் கம்பெனியின் சோதனைப் புத்தகம். அன்று காலைவரை தினமும் 'கயிறு நன்று' என்று எழுதி ஜேபஸ் கையெழுத்துப் போட்டிருக்கிறான். அதைப் பிரித்து எல்லாருக்கும் காட்டினார்கள். டோர்கஸ் வந்து, அதைப் படிக்கச் சொல்லிக் கேட்டுவிட்டுப் போனாள். அவளுக்கு நாலு பிள்ளைகள். அதற்குப் பிறகு யாரும் என் வாசல்படி ஏறவில்லை.

அவனாகப் பொய் எழுதவில்லை. புதுக் கயிறு வேண்டும் என்று கேட்டிருக்கிறான். மேஸ்திரி தர்ல்வெல் பெயரைச் சொல்லித்தான் எனக்கு எழுதியிருந்தான். அந்தக் கடிதம் உன்னிடம் இருக்கிறது. மரண விசாரணையை நவம்பர் இருபத்திநாலுக்குத் தள்ளிப்போட்டிருக்கிறார்கள். உடனே அனுப்பு. மற்ற ஐந்தும் பிறகு வரட்டும். அந்த ஒன்று மட்டும் இந்த வாரமே வேண்டும்.

கெசையா


யார்க்
12 நவம்பர் 1887

அக்கா,

இதை எப்படி ஆரம்பிப்பது என்று தெரியாமல் மூன்று தாள்களைக் கிழித்துப் போட்டேன்.

எங்கள் வேலை முறையை முதலில் சொல்லிவிடுகிறேன். சாதாரணமாக ஒரு வாக்கியத்தைச் சீட்டில் கையால் பெயர்த்து எழுதுவோம். ஆனால் பிழைகளைப் பெயர்த்து எழுத முடியாது. படித்தவன் கை தானாகவே திருத்திவிடும், அவனுக்கே தெரியாது. ஆகவே பிழை உள்ள வாக்கியங்களை அசல் தாளிலிருந்தே வெட்டி எடுத்துச் சீட்டில் ஒட்டவேண்டும் என்பது டாக்டர் ப்ரிங்கிளின் கட்டளை. பழைய புத்தகங்களைக்கூட அப்படித்தான் வெட்டியிருக்கிறோம். இங்கே யாரும் அதைத் தப்பாக நினைப்பதில்லை. கத்தரிக்கோல் எங்கள் மேஜையில் மைக்கூட்டுக்குப் பக்கத்திலேயே இருக்கும்.

உன் கடிதங்களை வெட்டிவிட்டேன், அக்கா. ஆறையும்.

போன மாதம் பதினேழாம் தேதி உனக்குக் குதித்துக் குதித்து எழுதினேனே, அப்போதே அது துண்டாகித்தான் கிடந்தது. சொல்லவில்லை. சொன்னால் திட்டுவாய், கிறிஸ்துமஸுக்கு நேரில் வந்து சமாதானம் செய்துகொள்ளலாம் என்று இருந்தேன்.

அந்தக் கயிற்று வாக்கியம் சீட்டில் பத்திரமாக இருக்கிறது. ஆனால் அந்த வாக்கியம் மட்டும்தான். தாளின் பின்பக்கம் பசையில் போய்விட்டது. தேதியும் இடமும் மேலே இருக்கின்றன, அவை என் கையெழுத்தில். தர்ல்வெல் என்ற பெயர் வாக்கியத்தின் ஆரம்பத்தில் இருந்தது. உயிரோடு இருப்பவர்கள் பெயர் மேற்கோளில் வரக்கூடாது என்பது எங்கள் விதி. ஆகவே பெயரை விட்டுவிட்டு அதற்கு அடுத்த சொல்லிலிருந்து வெட்டினேன். மிச்சத் தாள்கள் கூடையில் விழும். நவம்பர் முதல் தேதி அடுப்பு மூட்டியபோது கூடைத் தாளில்தான் மூட்டினார்கள்.

இரண்டு நாளாகக் கூடம் முழுக்கத் தேடினேன். சாம்பல் வாளியைக்கூடக் கிளறினேன்.

சைலஸ்


ஹேவர்லா
15 நவம்பர் 1887

சைலஸ்,

துணி வெட்டுகிறவன்கூட யாருடைய துணி என்று கேட்டுவிட்டுத்தான் கத்தரியை வைப்பான்.

உன் விதியை எனக்கு விளக்காதே. தர்ல்வெல் பெயர் வெளியே வரக்கூடாது என்று உங்கள் விதி அவனைக் காப்பாற்றியிருக்கிறது. என் பிள்ளைக்கு உங்கள் விதியில் ஒன்றும் இல்லையா?

மிஞ்சிய துண்டை எடுத்துக்கொண்டு இருபத்திநாலாம் தேதி நீயே வா. கல்லர்நெஸில் மீன்சந்தைக்கு எதிரே இருக்கும் விடுதியில், மாடிக் கூடத்தில் பத்து மணிக்கு விசாரணை. நீ வந்து நின்று, இதை நான்தான் வெட்டினேன், முழுக் கடிதத்தையும் நான் படித்தேன், அதில் தர்ல்வெல் பெயர் இருந்தது என்று பைபிளைத் தொட்டுச் சொல்லவேண்டும். படித்தவன் சொன்னால் கேட்பார்கள். உன்னை நான் படிக்கவைத்ததற்கு இது ஒன்று போதும்.

கெசையா


யார்க்
22 நவம்பர் 1887

அன்புள்ள அக்கா,

சீட்டைப் பதிவுத் தபாலில் அனுப்பியிருக்கிறேன். அதனுடன் டாக்டர் ப்ரிங்கிள் கையெழுத்திட்ட அத்தாட்சியும் இருக்கிறது. இந்தச் சீட்டு எங்கள் முறைப்படி அசலிலிருந்து எடுக்கப்பட்டது, தேதி நம்பத்தக்கது என்று எழுதித் தந்திருக்கிறார். முத்திரையும் வைத்திருக்கிறார். நாடு முழுக்க மதிக்கப்படும் மனிதர்.

என்னால் வர இயலாமல் இருக்கிறது. இந்தப் பகுதியின் அச்சுப்படிகள் இருபத்தைந்தாம் தேதிக்குள் திரும்பவேண்டும். திருத்த என்னை விட்டால் ஆள் இல்லை. மார்பில் சளியும் கட்டியிருக்கிறது. அத்தாட்சியைப் படித்தாலே அவர்களுக்கு விளங்கிவிடும் என்று நம்புகிறேன்.

உன் நினைவாகவே இருக்கிறேன்.

சைலஸ்


ஹேவர்லா
27 நவம்பர் 1887

சைலஸ்,

மார்புச்சளி எப்படி இருக்கிறது?

என்ன நடந்தது என்று உனக்குத் தெரியவேண்டும். சொல்கிறேன். கூடத்தில் ஆளைப் பறிகொடுத்த நம் தெருப் பெண்கள் ஆறு பேரும் ஒரே பெஞ்சில் கறுப்புடையில் இருந்தார்கள். எனக்குப் பக்கத்தில் யாரும் இல்லை. விசாரணை அதிகாரி நல்ல மனிதர்தான், முகம் சுளிக்காமல் கேட்டார். உன் சீட்டை வாங்கி இரண்டு பக்கமும் திருப்பிப் பார்த்தார்.

"இது என்னம்மா?"

"என் மகன் எனக்கு எழுதினதுங்க."

"இதுவா கடிதம்? விரல் அகலம் இருக்கு. மிச்சம் எங்க?"

"எரிஞ்சு போச்சுங்க."

"மேல தேதி யாரு எழுதினது?"

"என் தம்பி. யார்க்குல அகராதி எழுதறாரு."

பின்னால் யாரோ சிரித்தார்கள். அதிகாரி மேஜையைத் தட்டினார். "'கையெழுத்துப் போடு என்கிறார்'னு இருக்கு. யாரு என்கிறார்?"

"தர்ல்வெல்லுங்க. மேஸ்திரி."

"அது இதுல இருக்கா?"

"இருந்துச்சு. வெட்டிட்டாங்க."

"யாரு வெட்டினது?"

"என் தம்பிதாங்க."

"தம்பி வந்திருக்காரா?"

வரவில்லை என்றேன். அவர் உன் டாக்டரின் அத்தாட்சியைச் சத்தம்போட்டுப் படித்தார். சொல்லின் மூன்றாம் பொருள், மேற்கோள், எழுத்துப் பிழை என்றெல்லாம் அதில் வந்தது. ஜூரியில் உட்கார்ந்திருந்த கசாப்புக்கடைக்காரர் வாயைத் திறந்துகொண்டு பார்த்தார். படித்து முடித்து அதிகாரி கண்ணாடியைக் கழற்றினார். "அம்மா, உங்க மேல எனக்குச் சந்தேகம் இல்ல. ஆனா யாரு சொன்னது, எந்தக் கயிறு, என்னிக்கு, ஒண்ணுமே உங்க மகன் எழுத்துல இல்லியே. நான் என்ன பண்ணட்டும்?" என்றார்.

தர்ல்வெல் எழுந்து நின்றான். தொப்பியை மார்பில் வைத்துக்கொண்டு, "ஐயா, செத்துப்போன பையனைப் பத்தி நான் கெட்டதா பேசமாட்டேன். நல்ல பையன். கயிறு பத்தி என்கிட்ட அவன் ஒரு வார்த்த சொன்னதில்லீங்க. புஸ்தகம் இருக்கு, பாருங்க" என்றான். குரல் கொஞ்சமும் நடுங்கவில்லை.

கயிறு சோதிக்கும் பொறுப்பில் இருந்தவரின் கவனக்குறைவால் நேர்ந்த மரணம் என்று தீர்ப்பு. ஏழு பேர் பெயரையும் படித்தார்கள். அவன் பெயரைக் கடைசியாகப் படித்தார்கள்.

படியில் இறங்கும்போது டோர்கஸ் என் கையைப் பிடித்தாள். ஆறுதல் சொல்லப்போகிறாள் என்று நினைத்துவிட்டேன். "கெசையா, தெரிஞ்சே கையெழுத்துப் போட்டான்னு நீயே காட்டிட்டியேடி. இழை இழையா போகுதுன்னு தெரிஞ்சு என் வீட்டுக்காரரை ஏத்தியிருக்கானே" என்றாள். அப்புறம் கையை விட்டுவிட்டாள்.

நீ அனுப்பிய துண்டு அதைத்தான் செய்தது. கேட்டான் என்பதைக் காட்டவில்லை. தெரியும் என்பதை மட்டும் காட்டியது.

கெசையா


யார்க்
5 டிசம்பர் 1887

அக்கா,

எனக்குச் சளி இல்லை. அச்சுப்படிகளை வேறொருவர் திருத்தியிருக்கலாம். இருபத்துமூன்றாம் தேதி ரயில் நிலையத்துக்குப் போய் டிக்கெட்டும் வாங்கிவிட்டுத் திரும்பி வந்தேன்.

விசாரணையில் என்னைக் கேட்டிருப்பார்கள். ஏன் வெட்டினாய் என்று கேட்டால் சொல்லிவிடுவேன். இன்னொன்றைக் கேட்பார்கள் என்றுதான் பயந்தேன். 'இதை எப்போது படித்தாய்?' அக்டோபர் பத்தாம் தேதி படித்தேன். கயிறு அறுவதற்கு இருபத்தொரு நாள் முன்னால். எத்தனை தடவை படித்தேன் என்று எனக்கே கணக்கு இல்லை. டாக்டருக்குப் படித்துக் காட்டினேன், பக்கத்து மேஜைக்குப் படித்துக் காட்டினேன், உனக்கு எழுதிக் காட்டினேன். கயிற்றில் இழை விடுகிறது என்று அதில் இருக்கிறது. அந்தப் பாதியையும் சேர்த்துத்தான் வெட்டினேன், பொருள் தெளிவாக வரவேண்டும் என்று. சுரங்க இன்ஸ்பெக்டருக்கு ஒரு வரி எழுதியிருந்தால் போதும். அவருடைய அலுவலகம் இங்கிருந்து இரண்டு தெரு தள்ளி. எனக்குத் தோன்றவே இல்லை. நான் அதில் ஒரு சொல்லைப் பார்த்துக்கொண்டிருந்தேன்.

இப்போது என்னால் ஆகக்கூடியது ஒன்று இருக்கிறது. அந்தப் பக்கம் இன்னும் அச்சேறவில்லை. கடைசிப் படி என் கையில்தான் வரும். மேற்கோளுக்குக் கீழே 'ஒரு சுரங்கத் தொழிலாளியின் கடிதம்' என்று இருப்பதை அடித்துவிட்டு, ஜேபஸ் ஹெஸ்லப், கல்லர்நெஸ் என்று போடுகிறேன். வாக்கியத்தின் தலையில் தர்ல்வெல் பெயரையும் வைக்கிறேன், கடிதத்தில் இருந்தபடியே. விதியை மீறியதற்கு என்னை வேலையைவிட்டு அனுப்புவார்கள். அனுப்பட்டும். நூறு வருஷம் கழித்து யாராவது அந்தச் சொல்லைத் தேடினாலும் அவன் கேட்டான் என்று தெரியும்.

ஒரு வார்த்தை எழுது, செய்துவிடுகிறேன்.

சைலஸ்


ஹேவர்லா
11 டிசம்பர் 1887

சைலஸ்,

செய்யாதே. தர்ல்வெல் பெயரைப் போடாதே. போட்டால் இன்னொரு பெயரையும் போடவேண்டியிருக்கும்.

ஜேபஸின் துணிப்பெட்டி விசாரணைக்கு மூன்று நாள் முன்னால் வந்தது. அவன் தங்கியிருந்த வீட்டுக்காரி அனுப்பிவைத்தாள். ஒரு சட்டை, சவரக்கத்தி, பாட்டுப் புத்தகம். பாட்டுப் புத்தகத்துக்குள் நான் அவனுக்கு எழுதிய கடிதங்கள் உறையோடு இருந்தன. ஒன்றுகூடக் கசங்கவில்லை.

உனக்கு அவன் கடிதங்களைக் கட்டி அனுப்பினேனே, அதே நாள் அவனுக்கும் பதில் எழுதியிருந்தேன். அதில் இருப்பதை அப்படியே எழுதுகிறேன்.

'தர்ல்வெல்லிடம் கயிறு மாற்றச் சொல்லி நீ மூன்று தடவை கேட்டதாக எழுதியிருக்கிறாய். அவர் அனுபவசாலி, நீ நேற்று வந்தவன். நாளைக்கு மாற்றுகிறேன் என்று அவர் சொன்னால் நாளைக்கு மாற்றுவார். இன்ஸ்பெக்டருக்கு எழுதப்போவதாகச் சொல்கிறாய், எழுதாதே. அப்பா இல்லாமல் உன்னை இந்த வேலையில் சேர்க்க நான் யார் யார் காலில் விழுந்தேன் என்று உனக்குத் தெரியும். சொன்ன இடத்தில் கையெழுத்தைப் போட்டுவிட்டு வாயை மூடிக்கொண்டிரு.'

முழுக் கடிதம், சைலஸ். தேதி இருக்கிறது, தபால் முத்திரை இருக்கிறது, தர்ல்வெல் பெயர் இரண்டு இடத்தில் இருக்கிறது. அதிகாரி கேட்டதெல்லாம் அதில் இருந்தது. விசாரணை நடந்த அன்று அது என் கோட்டுப் பைக்குள் இருந்தது. யாரு என்கிறார் என்று அவர் கேட்டபோது அதை விரலால் தொட்டுக்கொண்டுதான் நின்றேன். எடுத்துக் கொடுத்தால் சத்தம்போட்டுப் படிப்பார். அந்த ஆறு பேரும் எதிர் பெஞ்சில் இருந்தார்கள். கையை வெளியே எடுக்க என்னால் முடியவில்லை. அப்புறம் வீட்டுக்கு வந்து உன்மேல் காய்ந்தேன். உன் துண்டுச் சீட்டு எனக்கு வசதியாக இருந்தது.

அவன் என் பேச்சைக் கேட்டான். வேறு ஒரு தப்பும் செய்யவில்லை.

உன்னை மன்னித்தேனா என்று கேட்காதே, எனக்குத் தெரியாது. நீ ஒரு சொல்லைப் பார்த்தாய், நான் அவன் வேலையைப் பார்த்தேன். அவன் எழுதியதை அவன் எழுதியபடி நாம் இருவருமே படிக்கவில்லை. உன் வேலையைவிட்டுப் போகாதே. போய் யாருக்கு என்ன ஆகப்போகிறது?

தீர்ப்பை மாற்ற முடியுமா என்று போதகரிடம் கேட்டேன். முடிந்துபோனது என்கிறார். அதிகாரிக்கும் இன்ஸ்பெக்டருக்கும் அந்தக் கடிதத்தை நகல் எழுதித் தபாலில் போட்டுவிட்டேன். அவர்கள் என்ன செய்கிறார்களோ செய்யட்டும். ஆனால் ஜேபஸ் போனபோது திரையை ஏற்றியவர்கள் அவர்கள் இல்லை.

டோர்கஸ் கொல்லையில் துணி காயப்போடுகிறாள், ஜன்னலில் தெரிகிறது. இதை ஒட்டி வைத்துவிட்டு என் கடிதத்தை எடுத்துக்கொண்டு அவளிடம் போகப்போகிறேன். அவளுக்குப் படிக்கத் தெரியாது. நான்தான் படித்துக் காட்டவேண்டும்.

கெசையா